லூனா பார்க்குக்கு முந்தைய கோனி ஐலண்ட்: ஒரு மேய்ச்சல் நிலம் நகரத்தின் கடற்கரை ஆன கதை

நியூயார்க்கின் கோனி ஐலண்ட் பற்றிக் கேட்கப்பட்டவை இரண்டு. 1903-இல் லூனா பார்க் என்ற கேளிக்கைப் பூங்கா திறக்கப்படுவதற்கு முன்பு அந்த இடம் எப்படி இருந்தது என்பது முதலாவது. ஏறக்குறைய 5 மைல் நீளமே உள்ள ஒரே மணற்கரையில் கிழக்கே செல்வந்தர்களின் விடுதிகளும், மேற்கே சூதாடிகளின் கூடாரங்களும், நடுவே உழைக்கும் மக்களின் கேளிக்கைக் கொட்டகைகளும் என்று பிரிவு ஏற்பட்டது எதனால் என்பது இரண்டாவது. இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அந்த மணல் யாருடைய சொத்தாக இருந்தது, அது எப்படிக் கைமாறியது, எந்த ரயில் எந்த இடத்தில் போய் நின்றது என்பதைப் பார்த்தால் மற்றவை தாமாக விளங்கும். மின்விளக்குக் கோபுரங்களும் பெரிய ராட்டினங்களும் வந்தபோது அந்தத் தீவின் வடிவம் ஏற்கெனவே முடிவாகிவிட்டிருந்தது. 1868 முதல் 1880 வரையிலான பன்னிரண்டு ஆண்டுகளில் நடந்த நிலப் பரிமாற்றங்களே அந்த முடிவைச் செய்தன என்பது என் கருத்து.

முதலில் நிலத்தைப் பற்றி. 'ஐலண்ட்' என்பது அன்று வெறும் பெயரல்ல. லாங் ஐலண்டின் தென்மேற்கு ஓரத்தில், அட்லாண்டிக் கடலைத் தெற்கே பார்த்தபடி கிடந்த ஒரு தடுப்புத் தீவு அது. நிலப்பரப்புக்கும் அதற்கும் இடையில் ஓதத்துக்கு ஏறி இறங்கும் ஓர் ஓடையும், கோரை வளர்ந்த உப்புச் சதுப்பும் இருந்தன. மணலாலான தீவு ஆதலால் அதன் எல்லைகள் நிலைத்தவை அல்ல. புயலுக்குப் புயல் கரை நகர்ந்தது. ஒரு காலத்தில் தனித்தனித் திட்டுகளாகக் கிடந்தவை பின்னால் ஒன்றாகச் சேர்ந்தன. நிலத்தை அளந்து எல்லைக்கல் நடுவதே கடினமான அந்த இடத்தில்தான் பிற்காலத்தில் அங்குலம் அங்குலமாகக் குத்தகைச் சண்டைகள் நடந்தன. பெயரைப் பொறுத்தவரை, முயலைக் குறிக்கும் டச்சுச் சொல்லிலிருந்து வந்தது என்பதே பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். டச்சுக்காரர் காலத்தில் மணல்மேடுகளில் முயல்கள் மிகுந்திருந்தன என்பார்கள். அவர்களுக்கு முன்பு லெனாபே இனத்தின் கனார்சி மக்கள் அங்கே மீன் பிடித்தும் சிப்பி எடுத்தும் வாழ்ந்தனர்.

இந்த வரலாற்றில் முதலில் பெயர் சொல்ல வேண்டியவர் ஒரு பெண்மணி. இங்கிலாந்திலிருந்து மாசசூசெட்ஸுக்கு வந்து, குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதை ஏற்காத தம் சமயக் கருத்துக்காக அங்கிருந்தும் விலக நேர்ந்த லேடி டெபோரா மூடி, 1643-இல் தம்மைச் சேர்ந்தவர்களுடன் டச்சுக் குடியேற்றத்துக்கு வந்து கிரேவ்சென்ட் என்னும் ஊரை நிறுவினார். 1645-இல் டச்சு ஆளுநர் வில்லெம் கீஃப்ட் அந்த ஊருக்குச் சாசனம் அளித்தார். அதில் மனச்சாட்சிச் சுதந்திரமும் உறுதி செய்யப்பட்டிருந்தது. பிற்காலத்தில் புரூக்ளின் என்று ஒன்றுசேர்ந்த ஆறு ஊர்களில் ஆங்கிலேயர் நிறுவியது இது ஒன்றுதான். மற்ற ஐந்தும் டச்சு ஊர்கள். சதுரமாக அமைக்கப்பட்ட ஊரின் நடுவில் வீடுகளும், சுற்றிலும் விரிந்து செல்லும் உழவு நிலங்களும், அவற்றுக்கு அப்பால் எல்லோருக்கும் பொதுவான மேய்ச்சல் நிலமும் இருந்தன. கோனி ஐலண்ட் அந்தப் பொதுநிலத்தின் பகுதியாயிற்று. நம் வருவாய்த்துறைச் சொல்லில் சொன்னால் மேய்க்கால் புறம்போக்கு. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. இந்த நிலம் அரசுக்கு உரியதாக இல்லாமல், ஊரை நிறுவிய குடும்பங்களின் வழித்தோன்றல்களுக்குக் கூட்டு உரிமையாக இருந்தது. ஏறக்குறைய 180 ஆண்டுகள் அங்கே மாடு மேய்ந்தது; குளிர்காலத் தீவனத்துக்காக உப்புப்புல் அறுக்கப்பட்டது; அவ்வளவுதான். தலைமுறைகள் பெருகப் பெருக ஒவ்வொரு பங்கும் பல கைகளுக்குப் பிரிந்தது. யாருக்கும் பெரிதாகப் பயன்படாத மணல் என்பதால் அந்தக் குழப்பத்தைத் தீர்க்க எவரும் முனையவில்லை. 1860-களில் நிலத்துக்கு விலை வந்தபோது இந்த அலட்சியம்தான் சிலரைப் பணக்காரர் ஆக்கியது.

கடலுக்காக மக்கள் வரத் தொடங்கியது 1820-களில். ஓடையைக் கடக்க ஒரு பாலமும், சதுப்பின் குறுக்கே சிப்பி ஓடு பரப்பிய ஒரு சுங்கச் சாலையும் போடப்பட்டன. ஷெல் ரோடு என்ற பெயர் அதிலிருந்து வந்தது. 1829-இல் கோனி ஐலண்ட் ஹவுஸ் என்ற விடுதி திறக்கப்பட்டது. கடற்காற்று உடலுக்கு நல்லது என்று மருத்துவர்கள் சொல்லத் தொடங்கியிருந்த காலம் அது. சொந்தக் குதிரைவண்டி வைத்திருந்த குடும்பங்கள் வந்து தங்கி, மீனும் சிப்பியும் உண்டு, அலையில் நின்றுவிட்டுத் திரும்பின. விடுதியைச் சுற்றியிருந்த சில நூறு அடிகளைத் தவிர மற்ற கரை முழுவதும் ஆளில்லாமல் கிடந்தது. புரூக்ளினில் பத்திரிகையாளராக இருந்த இளம் வால்ட் விட்மன் அந்த வெறுமைக்காகவே அங்கே போனவர். கடலில் குளித்துவிட்டுக் கெட்டி மணலில் ஓடியபடி ஹோமரையும் ஷேக்ஸ்பியரையும் அலைகளுக்கும் கடற்பறவைகளுக்கும் மணிக்கணக்கில் உரக்கச் சொன்னதாகப் பின்னாளில் அவரே எழுதினார். இன்று கோடையில் அந்த மணலில் காலூன்ற இடம் தேடும் எவருக்கும் இதை நம்புவது கடினம்.

இரண்டாவது தொடக்கம் கடல் வழியாக வந்தது; அதுதான் மேற்கு முனையின் குணத்தை நிர்ணயித்தது. 1840-களின் நடுப்பகுதியில் எடி, ஹார்ட் என்ற இருவர் தீவின் மேற்குக் கோடியில் ஒரு மரமேடை அமைத்து, அதன்மேல் கூடாரம் போட்டு, ஆட்டத்துக்கும் விருந்துக்கும் இடம் செய்தனர். நீராவிப் படகுகள் மன்ஹாட்டனிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து அங்கே இறக்கின. சாலைவழியாக வந்தவர்கள் குடும்பத்தோடு வந்து இரவு தங்கினார்கள். படகில் வந்தவர்களோ காலையில் வந்து மாலையில் திரும்பும் கூட்டம். யாரும் யாரையும் அறியாத, நாளை மறுபடி பார்க்கப் போகாத அந்தக் கூட்டத்தைத் தேடி மூன்று சீட்டு வித்தைக்காரர்களும், பணப்பை திருடர்களும், கலப்படச் சாராயம் விற்பவர்களும் பின்னாலேயே வந்தார்கள். கிரேவ்சென்ட் ஊரோ சதுப்புக்கு அப்பால் இருந்தது. காவல் என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. 1870-களில் மைக்கேல் நார்ட்டன் என்ற நியூயார்க் அரசியல்வாதி அந்த இடத்தை எடுத்து நடத்தத் தொடங்கிய பிறகு அந்த முனைக்கு நார்ட்டன்ஸ் பாயின்ட் என்றே பெயர் நிலைத்தது. மேற்குக் கோடி கெட்ட பெயர் எடுத்ததற்கு அங்கே குடியிருந்தவர்களைக் காரணம் சொல்வது தவறு. நகரத்திலிருந்து படகு வந்து சேர எளிதாகவும், சட்டம் வந்து சேரக் கடினமாகவும் இருந்த இடம் அது.

பெரிய மாற்றம் ரயிலால் வந்தது. அன்று புரூக்ளின் தனி நகரம். 1860-இல் சுமார் 2.67 லட்சமாக இருந்த அதன் மக்கள்தொகை 1880-இல் சுமார் 5.67 லட்சமாயிற்று. வெயில் காலத்தில் நெருக்கமான அடுக்குக் குடியிருப்புகளில் மூச்சு முட்டிய இந்த மக்களுக்கு வாரத்தில் ஒரே ஒருநாள்தான் ஓய்வு. ஆகவே அரைமணி, முக்கால்மணி நேரத்தில் கொண்டுபோய்க் கடலைக் காட்டி இருட்டுவதற்குள் திருப்பி அழைத்துவரும் எந்த வண்டியும் நிரம்பி வழியும் என்பதை முதலீட்டாளர்கள் கணக்கிட்டார்கள். 1862-இல் குதிரை இழுக்கும் டிராம் கோனி ஐலண்டைத் தொட்டது; சில ஆண்டுகளில் முதல் நீராவி ரயிலும் வந்தது. 1875-இல் ஆண்ட்ரூ கல்வர் தம் பிராஸ்பெக்ட் பார்க் அண்ட் கோனி ஐலண்ட் ரயில்வேயைத் திறந்தார். 1877-இலும் 1878-இலும் மேலும் மூன்று தடங்கள் திறக்கப்பட்டன. இவை போதாதென்று பிராஸ்பெக்ட் பூங்காவிலிருந்து கடல் நோக்கி ஐந்தரை மைல் நீளத்துக்கு ஓஷன் பார்க்வே என்ற மரநிழல் சாலை 1870-களின் நடுவில் போடப்பட்டது; அதன் கருத்து அந்தப் பூங்காவை வடிவமைத்த ஓல்ம்ஸ்டெட், வாக்ஸ் இருவருடையது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்த ரயில்கள் ஒரு பொது நிலையத்துக்கு வந்து சேரவில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் தடத்தைத் தனக்கு வேண்டிய விடுதி வாசலில் கொண்டுபோய் முடித்தது. ஏறும் இடமும் இறங்கும் இடமும் உண்ணும் இடமும் ஒரே முதலாளியுடையதாகவோ அவருடைய கூட்டாளியுடையதாகவோ இருந்தன. பயணி எந்த வண்டியில் ஏறினாரோ அந்த வகுப்பின் கடற்கரையில் இறங்கினார். தீவு நான்கு துண்டானது இப்படித்தான்: மேற்கே வெஸ்ட் எண்ட், நடுவே வெஸ்ட் பிரைட்டன், அதற்குக் கிழக்கே பிரைட்டன் பீச், கிழக்குக் கோடியில் மேன்ஹாட்டன் பீச். இன்று கோனி ஐலண்ட் என்று நாம் சொல்வது பெரும்பாலும் அன்றைய வெஸ்ட் பிரைட்டனைத்தான்.

பிரைட்டன் பீச்சின் கதை ஒரு நில ஆவணத் தேடலில் தொடங்குகிறது. உள்நாட்டுப் போரின்போது ராணுவத்தோடு வணிகம் செய்து பொருள் சேர்த்த வில்லியம் எங்கெமன் 1868-வாக்கில் அந்தப் பகுதியை வாங்க முனைந்தார். விற்கத் தயாராக இருந்தவர்கள் பலர்; ஆனால் உண்மையில் உரிமையாளர் யார் என்பது எவருக்கும் தெரியவில்லை. கிரேவ்சென்டின் பழங்குடும்பங்களின் பங்குகள் பேரன், கொள்ளுப்பேரன் என்று சிதறியிருந்தன. உள்ளூர் நில அளவையாளர் ஒருவரின் துணையோடு பழைய பதிவுகளைத் துருவி, வாரிசுகளை ஒவ்வொருவராகத் தேடிப்பிடித்து, சில நூறு ஏக்கரைச் சுமார் 20,000 டாலருக்கு அவர் முடித்தார். அவரிடமிருந்து நிலம் பெற்ற ஒரு வணிகர் குழு, இங்கிலாந்தின் பிரைட்டனை நினைவூட்டும் பெயரிட்டு, 1878-இல் ஹோட்டல் பிரைட்டனையும் அதற்கான ரயில் தடத்தையும் திறந்தது. புரூக்ளினின் நடுத்தர வணிகக் குடும்பங்கள் அங்கே வந்தன. எங்கெமன் 1879-இல் குதிரைப் பந்தயத் திடல் ஒன்றைத் தொடங்கினார். அடுத்த ஏழாண்டுகளுக்குள் ஷீப்ஸ்ஹெட் பே, கிரேவ்சென்ட் என மேலும் இரண்டு திடல்கள் வந்தன. அடுத்த முப்பதாண்டுகளுக்கு இந்தப் பகுதியின் விடுதிகளில் பலவற்றை வாழவைத்தது கடல் அல்ல, பந்தயம். சூதைத் தடைசெய்யும் சட்டங்களால் 1910-இல் திடல்கள் மூடப்பட்டவுடன் விடுதிகள் சரிந்ததிலிருந்து இது தெளிவாகிறது.

ஹோட்டல் பிரைட்டனுக்கு வந்த ஆபத்து மணலால் வந்தது. பத்தாண்டுக்குள் கடல் கரையைத் தின்று கட்டடத்தின் அடிவரை வந்துவிட்டது. 1888 ஏப்ரலில், பல்லாயிரம் டன் எடையுள்ள அந்த மரக்கட்டடத்தை அப்படியே தூக்கி, 112 திறந்த ரயில் பெட்டிகளின்மேல் உட்காரவைத்து, 24 இணைத் தண்டவாளங்களின்மேல் ஆறு எஞ்சின்களைக் கொண்டு சுமார் 500 அடி உள்ளே இழுத்தார்கள். கப்பிக் கயிறுகள் எல்லாம் ஒரே இழுப்பில் இறுகுமாறு எஞ்சின்கள் ஒரே நேரத்தில் நகர வேண்டியிருந்தது, அவை நகர்ந்தன. அதே கோடையில் இசையமைப்பாளர் வாக்னரிடம் பணிபுரிந்த நடத்துநர் ஆண்டன் சைடல் அங்கே இசைநிகழ்ச்சிகளைத் தொடங்கினார். புரூக்ளின் பெண்கள் அடுத்த ஆண்டில் அமைத்த சைடல் சங்கம் அந்த நிகழ்ச்சிகளை எடுத்து நடத்தியதோடு, வேலைக்குப் போகும் பெண்களையும் ஏழைக் குழந்தைகளையும் ரயிலில் அழைத்துவந்து கடலையும் இசையையும் சேர்த்துக் கொடுத்தது. கோனி ஐலண்டின் தொடக்க வரலாற்றைச் சூதும் சாராயமுமாக மட்டும் எழுதுகிறவர்கள் இந்தப் பெண்களை மறந்துவிடுகிறார்கள். என் பார்வையில் அந்தக் கடற்கரையில் நடந்த மிக நல்ல செயல்களுள் இது ஒன்று.

கிழக்குக் கோடியை எடுத்துக்கொண்டவர் ஆஸ்டின் கார்பின் என்ற வங்கியாளர். நோயுற்ற குழந்தையைக் கடற்காற்றுக்காக 1873-இல் அந்தப் பக்கம் அழைத்துவந்தபோது இந்த நிலத்தின் மதிப்பை உணர்ந்ததாகச் சொல்வார்கள். எங்கெமன் வாரிசுகளைத் தேடி அலைந்தார் என்றால், கார்பின் சுருக்கமான வழியைக் கண்டார். ஊரின் பொதுநிலத்தில் ஒரு பெரும்பரப்பு வெறும் 1,500 டாலருக்கு அவர் கைக்குப் போயிற்று. அந்த விற்பனையை நடத்திக் கொடுத்தவர் பொதுநில ஆணையர்களுள் ஒருவரான ஜான் மெக்கேன். மணலை விற்ற விலைக்கும் அதன்மேல் எழுந்தவற்றின் மதிப்புக்கும் எந்தப் பொருத்தமும் இல்லை. 1877 கோடையில் சுமார் 660 அடி நீளமுள்ள மேன்ஹாட்டன் பீச் ஹோட்டலும் அதற்கான ரயிலும் திறக்கப்பட்டன. 1880-இல் அதைவிட உயர்தரமான ஓரியண்டல் ஹோட்டல் வந்தது. முன்னாள் குடியரசுத் தலைவர் கிராண்ட் 1877 ஜூலையில் வந்து முதல் விடுதியைத் திறந்துவைத்தார் என்று பல இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அவர் அந்த ஆண்டு மே மாதமே உலகப் பயணத்துக்காகக் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போய்விட்டார் என்பதால் அந்தச் செய்தியை ஏற்க முடியாது.

கார்பினின் விடுதிகளில் காவலுக்குப் பிங்கர்ட்டன் என்ற தனியார் நிறுவனத்தின் துப்பறிவாளர்கள் நின்றார்கள். கில்மோரின் வாத்தியக் குழுவும், பின்னால் சூசாவின் குழுவும் மாலைதோறும் வாசித்தன. லண்டன் பெயின் நிறுவனத்தாரின் வாணவேடிக்கைகள் இரவை நிறைத்தன. மேற்கிலிருந்து கூட்டம் நடந்து வந்துவிடாதபடி எல்லைகள் காக்கப்பட்டன. 1879 ஜூலையில் இவற்றையெல்லாம் விடக் கொடிய ஒரு வேலியைக் கார்பின் போட்டார்: தம் விடுதிக்கு யூதர்கள் வரக்கூடாது என்று செய்தித்தாளுக்கு வெளிப்படையாகவே பேட்டி கொடுத்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு சரடோகாவில் யூத வங்கியாளர் ஜோசப் செலிக்மன் ஒரு விடுதியில் மறுக்கப்பட்ட நிகழ்ச்சியின் தொடர்ச்சி அது. பத்திரிகைகள் பல கண்டித்தன, கார்பின் மாறவில்லை. பிற்காலத்தில் அவருடைய இரு விடுதிகளும், ஒன்று 1911-இலும் மற்றது 1916-இலும், இடிக்கப்பட்டு நிலம் வீட்டுமனைகளாயிற்று. அந்த மனைகளில் நிறைந்து வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் யூதக் குடும்பங்கள்.

இனி நடுப்பகுதி. இங்கேதான் பொதுநிலம் விற்கப்படாமல் குத்தகைக்கு விடப்பட்டது. இங்கேதான் மெக்கேன் ஆட்சி செய்தார். அயர்லாந்தில் பிறந்து சிறுவயதில் வந்த தச்சர், மதுவைத் தொடாதவர், மெதடிஸ்ட் தேவாலயத்தின் ஞாயிறு பள்ளிக் கண்காணிப்பாளர். கட்டட ஒப்பந்தக்காரராக வளர்ந்து, பொதுநில ஆணையராகி, 1870-களின் இறுதியில் ஊரின் தலைமைப் பொறுப்பான சூப்பர்வைசர் பதவிக்கு வந்து, 1881-இல் காவல்துறைத் தலைவர் பதவியையும் தாமே வைத்துக்கொண்டார். முறை எளியது. பழைய நாளில் அற்பத் தொகைக்கு விடப்பட்ட மணல்துண்டுகளை ஏலத்துக்குக் கொண்டுவந்தார். அதனால் ஊரின் வருமானம் உயர்ந்தது என்பதை மறுக்க முடியாது. குத்தகை எடுத்தவர் கொட்டகை கட்ட அவரிடமே வேலையைக் கொடுக்க வேண்டும். உரிமக் கட்டணம் அவர் நிர்ணயிப்பது. யாரை வெளியேற்றுவது என்பதும் அவர் கையில். 'கட்' (Gut) என்று அழைக்கப்பட்ட சந்துகளில் விபச்சார விடுதிகளும் சூதாட்டக் கூடங்களும் அவருக்குத் தெரிந்தே நடந்தன. தெருக்களும் வடிகாலும் காவலும் ஓரளவு வந்ததும் அவர் காலத்தில்தான். அவரை எதிர்த்தவர்கள்கூட அதை ஒப்புக்கொண்டார்கள்.

குத்தகை முறைக்கும் அங்கே வளர்ந்த கேளிக்கைகளுக்கும் இருந்த தொடர்பு போதிய கவனம் பெறவில்லை என்று நினைக்கிறேன். குத்தகைக் காலம் குறுகியது, துண்டு சிறியது, கோடை மூன்று மாதமே, அடுத்த ஆண்டு இடம் நிலைக்குமா என்பதும் உறுதியில்லை. இந்த நிலையில் எவரும் கல்லால் கட்டமாட்டார்கள். மரத்தாலும் தார்ப்பாயாலும் விரைவாக எழுப்பி, ஐந்து சென்ட், பத்து சென்ட்டாக விரைவாகப் பணத்தைத் திரும்ப எடுக்கும் தொழில்களே அங்கே பிழைத்தன. 1876-இல் சார்லஸ் லூஃப் என்ற மரச்சிற்பி தம் கையால் செதுக்கிய குதிரைகளைக் கொண்டு ஒரு குளியல் கொட்டகையில் குடைராட்டினம் அமைத்தார். ஜெர்மனியிலிருந்து வந்த சார்லஸ் ஃபெல்ட்மன் தள்ளுவண்டியில் பை விற்றுத் தொடங்கி, 1871-இல் சிறு துண்டு ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து, அதைப் பெரும் உணவகமாக்கினார். நீண்ட ரொட்டியில் சூடான சாசேஜை வைத்துக் கொடுக்கும் வழக்கம் அவரிடம் தொடங்கியது என்ற கதைக்கு உறுதியான சான்று குறைவு என்றாலும், அந்தப் பண்டத்தைக் கோனி ஐலண்டோடு பிரிக்க முடியாதபடி இணைத்தவர் அவரே. கல்வர் 1876-இல் பிலடெல்பியா நூற்றாண்டுக் கண்காட்சியில் நின்ற 300 அடி இரும்புக் கோபுரத்தை வாங்கி, பிரித்துக் கொண்டுவந்து, தம் ரயில் நிலையத்தின் அருகே நிறுத்தினார். நீராவியால் இயங்கிய தூக்கியில் ஏறிக் கடலையும் நகரத்தையும் ஒருசேரப் பார்ப்பது அன்று அரிய அனுபவம். 1879-இல் கடலுக்குள் நீண்ட இரும்புத் துறை கட்டப்பட்டபின் படகுக் கூட்டமும் மேற்குக் கோடியை விட்டு நடுப்பகுதிக்கு மாறியது.

1884 ஜூனில் லாமார்கஸ் தாம்சன் திறந்த ஸ்விட்ச்பேக் ரயில்வே இவற்றுள் பெயர் பெற்றது. பென்சில்வேனியாவில் நிலக்கரி இறக்கப் பயன்பட்ட மலைச்சரிவுத் தடம் ஒன்றில் மக்கள் பொழுதுபோக்குக்காகப் பயணம் செய்ததிலிருந்து எழுந்த கருத்து அது. சுமார் 600 அடி நீளமுள்ள மரத்தடம். வேகம் மணிக்கு 6 மைல். கட்டணம் 5 சென்ட். மேடையில் ஏறிப் பக்கவாட்டில் பார்த்தபடி உட்கார்ந்தால் வண்டி தன் எடையால் ஏறி இறங்கி மறுமுனைக்குப் போகும். அங்கே இறங்கி நிற்க, பணியாளர்கள் வண்டியை அடுத்த தடத்துக்குத் தள்ளிக் கொடுப்பார்கள். அடுத்த ஆண்டுக்குள்ளேயே வட்டமாகச் சுற்றி வரும் தடமும், சங்கிலியால் வண்டியை மேலே இழுக்கும் முறையும் போட்டியாளர்களால் அங்கேயே செய்துகாட்டப்பட்டன. 1885-இல் தகரம் போர்த்திய, 122 அடி உயர யானை வடிவக் கட்டடம் ஒன்று விடுதியாகவும் வேடிக்கையாகவும் எழுந்தது. 1896-இல் அது எரிந்து போயிற்று. மரமும் தகரமுமாக நெருங்கிக் கட்டிய இடத்துக்கு நெருப்புதான் தீராத பகை. 1890-களிலும் அடுத்த இருபது ஆண்டுகளிலும் அந்தக் கரை மீண்டும் மீண்டும் எரிந்ததற்கு மூலகாரணம் அந்தக் குத்தகைப் பத்திரங்களில் இருக்கிறது.

மெக்கேனை எதிர்த்துப் பேசத் துணிந்த உள்ளூர்க்காரர்களில் குறிப்பிடத்தக்கவர் ஜார்ஜ் டில்யூ. மூன்று வயதிலிருந்து அந்த மணலில் வளர்ந்தவர். 1876-இல், பதினான்கு வயதில், நூற்றாண்டுக் கண்காட்சிக்காக வந்து கடலையும் பார்க்க வந்த உள்நாட்டுப் பயணிகளுக்குக் கடற்கரை மணலைச் சுருட்டுப் பெட்டியிலும் கடல்நீரைப் புட்டியிலும் அடைத்து விற்றவர். 1887-இல் மாநிலச் சட்டமன்ற விசாரணைக் குழு மெக்கேனின் ஆட்சியை ஆராய வந்தபோது அவர் சாட்சி சொன்னார். குழு கலைந்து போயிற்று. மெக்கேன் பதவியில் நீடித்தார். டில்யூ குடும்பம் தன் இடங்களை இழந்தது. 1893 நவம்பர்த் தேர்தலில் கிரேவ்சென்டின் வாக்காளர் பட்டியல் ஊரின் மக்கள்தொகைக்குப் பொருந்தாத அளவுக்கு வீங்கியிருப்பதைக் கண்டு, நீதிபதி பதவிக்குப் போட்டியிட்ட வில்லியம் கெய்னர் நீதிமன்ற உத்தரவோடு பார்வையாளர்களை அனுப்பினார். இங்கே நீதிமன்ற உத்தரவு செல்லாது என்று சொல்லி மெக்கேனின் ஆட்கள் அவர்களை அடித்துச் சிறையிலிட்டார்கள். அந்த ஒருநாள் மெக்கேனை முடித்தது. 1894 தொடக்கத்தில் அவருக்கு ஆறாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. சிங் சிங் சிறையிலிருந்து 1898-இல் வெளிவந்தவர் மறு ஆண்டே இறந்தார். கிரேவ்சென்ட் 1894-இல் புரூக்ளினோடு இணைக்கப்பட்டது. 1898-இல் புரூக்ளினே பெருநியூயார்க்கில் சேர்ந்தது. டெபோரா மூடி நிறுவிய ஊர் 250 ஆண்டுக்குப் பின் தனி ஆட்சியை இழந்தது இப்படித்தான்.

இதற்குப் பிறகு வந்ததைத்தான் பலரும் தொடக்கம் என்று நினைக்கிறார்கள். 1895-இல் கேப்டன் பால் பாய்ட்டன் ஓர் இடத்தைச் சுற்றி வேலியிட்டு, வாசலில் கட்டணம் வாங்கி, உள்ளே நீர்ச்சறுக்குப் படகும் கடற்சிங்கங்களும் வைத்து சீ லயன் பார்க்கைத் திறந்தார். வேலியும் வாசற் கட்டணமும் ஒரு புதிய வணிக முறை மட்டுமல்ல. சந்துகளின் பெயர் கெட்டிருந்த நிலையில், குழந்தைகளோடும் பெண்களோடும் வருவோர்க்கு உள்ளே வேறுவகைக் கூட்டம் இருக்கும் என்ற உறுதியை அவை அளித்தன. டில்யூ அதைப் புரிந்துகொண்டு 1897-இல் ஸ்டீப்பிள்சேஸ் பார்க்கைத் தொடங்கினார். பாய்ட்டனின் இடம் கைமாறி அங்கே எழுந்ததுதான் 1903-இன் லூனா பார்க்.

கடலில் இறங்குவதற்கே காசு கொடுக்க வேண்டியிருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். குளியல் கொட்டகைகள் கம்பளி உடையை வாடகைக்குக் கொடுத்தன. நீந்தத் தெரியாதவர்கள் பிடித்துக்கொள்ள அலைக்குள் கயிறு கட்டியிருந்தார்கள். ஆனால் கயிறுகளைப் போலவே வேலிகளும் கடலுக்குள் நீண்டன. ஒவ்வொரு விடுதியும் தன் முன்னிருந்த மணலைத் தனதென்று அடைத்துக்கொண்டதால், கரையோரமாக ஒருவர் தொடர்ந்து நடந்து போவதே இயலாமல் இருந்தது. பொதுமேய்ச்சலாக இருந்தபோது எந்தக் கிரேவ்சென்ட்காரரும் மாட்டை ஓட்டிக்கொண்டு போன கரை அது. நீண்ட வழக்குகளுக்குப் பிறகு நகரம் அந்தக் கடற்கரையின் உரிமையைப் பெற்று, வேலிகளை அகற்றி, மணலைக் கொட்டிக் கரையை அகலப்படுத்தி, 80 அடி அகலமுள்ள மரப்பலகை நடைபாதையை 1923 மே மாதத்தில் திறந்தது. அதற்கு மூன்று ஆண்டு முன்பே, 1920-இல், மன்ஹாட்டனிலிருந்து 5 சென்ட் கட்டணத்தில் சப்வே அங்கே வரத் தொடங்கியிருந்தது.